தவக்காலத்துப் பச்சைப் பொடி

சேசு, மரி, சூசை
விவேக் நகர், பெங்களூர்
20 நவம்பர் 2023

அன்புள்ள பிரிஜெட் அக்காவுக்கு, தம்பி ஓஸ்வால்ட் எழுதுவது.

குழந்தை இயேசுவின் புண்ணியத்தில் நானும் குளோரியாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, சுகமாகவே இருக்கிறோம். மலையடிவாரப் பனி உன் முட்டியை என்ன பாடு படுத்துகிறதோ தெரியவில்லை. மடத்தில் உனக்கு வைத்த பெயர் என் வாயில் இன்னும் நுழைய மாட்டேன் என்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை வருஷமானால் என்ன, எனக்கு நீ பிரிஜெட் அக்காதான்.

ஒரு விஷயம். எலெக்ட்ரானிக் சிட்டி வேலை போய்விட்டது. ஆகஸ்டிலேயே போய்விட்டது. உடனே சொன்னால் நீ சாப்பிடாமல் கொள்ளாமல் எனக்காக முழங்காலிலேயே கிடப்பாய் என்றுதான் சொல்லவில்லை. இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நான் முதலாளி ஆகிவிட்டேன்!

சிரிக்காதே. நம் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி கட்டிச் சுருள்பாசி வளர்க்கிறேன். பாசி என்றதும் மூக்கைச் சுளிக்காதே. குளத்துப் படியில் வழுக்குகிற பாசி இல்லை இது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாக இருக்கும். துணியில் வடிகட்டி, வலையில் காயப்போட்டு, மிக்ஸியில் அரைத்தால் பச்சைப் பொடி. மோரிலோ கஞ்சியிலோ ஒரு ஸ்பூன் கலக்கிக் குடித்தால் உடம்பு தேறும் என்று ஓசூர்ப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்த அஷ்வின் தன் ஜிம் முழுக்க விளம்பரம் செய்துகொண்டிருக்கிறான். குளோரியாதான், "ஏசில உக்காந்து வேல பாத்த மனுஷன், இப்ப பாசிய வழிச்சிக்கினு இருக்கீங்களே, என் தலையெழுத்து" என்கிறாள். சொல்லிவிட்டு அவளே துணியைப் பிடித்துக்கொள்கிறாள்.

உங்கள் மடத்துக்கு ரெண்டு பாக்கெட் வைத்திருக்கிறேன். மதர் சரி என்றால் உடம்புக்கு முடியாத சிஸ்டர்களுக்குக் கொடு. உன் கையெழுத்தைப் பார்க்கிற வரைக்கும் தபால்காரரை விட மாட்டேன்.

உன் செல்லத் தம்பி,
ஓஸ்வால்ட்


சே. ம. சூ.
மவுன மாதா மடம், சேலம்
9 டிசம்பர் 2023

அன்புத் தம்பி ஓஸ்வால்டுக்கு, அக்காவின் ஆசீர்.

உன் கடிதமும் உன் பச்சை மண்ணும் வந்து சேர்ந்தன. என் முட்டி மழைக்கு முன்னால் வானிலை அறிக்கை வாசிக்கிறது, மற்றபடி சுகம். குளோரியாவின் தலைவலி குறைந்ததா என்று எழுது.

முதலில் திட்டிவிடுகிறேன். ஆகஸ்டில் போன வேலையை நவம்பரில் சொல்கிறாயே, நீ என்ன மனுஷன்டா? பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டதையும் இப்படித்தான் லீவு முடிகிற வரைக்கும் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாய். கெட்ட சேதியை ஊறப்போட்டே சொல்வது உனக்குக் கூடப் பிறந்த குணம். சேதி ஊற ஊறக் கெட்டுப்போகுமே தவிர நல்ல சேதி ஆகாது. மனதில் வை.

இப்போது உன் பொடி. மதர்தான் முதலில் ருசி பார்த்தார்கள். பார்த்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! ஆனால் அனுமதி தந்துவிட்டார்கள். சிஸ்டர் அக்னெல்லாவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனே, எங்கள் ஆர்மோனியக்காரர். நான் இங்கே வந்த புதிதில் வீட்டை நினைத்து அழுதபோது, "அழு பிள்ளே, சுதி சேர்த்து அழு" என்று பக்கத்தில் உட்கார்ந்தவர். எண்பது தாண்டிவிட்டது. படுக்கையில்தான் இருக்கிறார், சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். உன் பொடியைக் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தேன். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இது யாரு அனுப்பினது?" என்றார். "என் தம்பி" என்றேன். அன்றிலிருந்து நீ அவருக்குப் "பச்சைத் தம்பி". தினமும் உனக்காக ஒரு "அருள் நிறைந்த மரியே" ஜெபம் சொல்கிறாராம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஓஸ்வால்ட். வேலை போனால் போகட்டும். நல்ல காரியம் செய்கிறாய்.

ஜெபத்தில் உன்னை விடாத அக்கா,
பிரிஜெட்


சே. ம. சூ.
விவேக் நகர், பெங்களூர்
20 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் ரெண்டு பேரும் நல்ல சுகம். குளோரியா தலைவலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள், ஏனென்றால் இப்போது பேச நேரமில்லை. பச்சைத் தம்பியின் வணக்கத்தை அக்னெல்லா சிஸ்டருக்குச் சொல்.

குழந்தை இயேசு திருவிழாவில் என்ன கூட்டம் என்கிறாய்! ஆம்ப்ரோஸைத் தெரியுமல்லவா, கோவில் வாசலில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருப்பவர். அவர் கடையில் என் பாக்கெட்டை அடுக்கினேன். எல்லாம் போய்விட்டது. வியாழக்கிழமை நவநாளுக்கு வருகிற பெண்கள் கேட்டு வாங்குகிறார்கள். பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கிறார்களாம். "சாமி வாசல்ல விக்கிறது, நல்லதாத்தான் இருக்கும்" என்று ஒரு அம்மா சொன்னதை ஆம்ப்ரோஸ் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஒரே கஷ்டம் தண்ணீர். போர்வெல் வற்றிவிட்டது. ஊர் முழுக்கக் குடத்தோடு அலைகிறது. நான் டாங்கர் தண்ணீர் வாங்கித்தான் தொட்டியை நிரப்பினேன். டிரைவரிடம் எங்கே பிடித்தாய் என்று கேட்டால், "ஒள்ளே நீரு சார், ஒள்ளே நீரு" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். நல்ல தண்ணீராம். ஓசூர் ரோட்டுப் பக்கம் ஏதோ ஏரிக்கரைக் கிணறு போலிருக்கிறது, கொஞ்சம் பழுப்பாகத்தான் இருந்தது. வடிகட்டி ஊற்றினேன்.

ஆனால் அக்கா, அந்தத் தண்ணீரில் என்ன சத்து இருந்ததோ! முன்பு ஒரு வாரத்தில் வளர்ந்தது இப்போது ரெண்டு நாளில் தொட்டியை மூடிவிடுகிறது. பெயிண்டைக் கொட்டியது மாதிரி மேலே திட்டுத் திட்டாக மிதக்கிறது. நிறமும் முன்னைவிட அழுத்தம், லேசாக நீலம் ஓடுகிறது. குளோரியா, "மொதல்ல மைக்ராஸ்கோப்ல பாப்பீங்களே, இப்ப ஏன் பாக்கறதில்ல?" என்கிறாள். எங்கே நேரம்? அள்ளவே ஆள் போதவில்லை.

தவக்காலம் வருகிறதே, நீங்கள் எல்லாரும் ஒருசந்தி இருந்து காய்ந்து போவீர்களே என்று ஒரு பெரிய டப்பா நிறைய அனுப்புகிறேன். ஒரு வேளைக் கஞ்சியில் இதைப் போட்டுக் குடித்தால் தெம்பாக ஜெபிக்கலாம். இது என் காணிக்கை.

உன் முதலாளித் தம்பி,
ஓஸ்வால்ட்


சே. ம. சூ.
மவுன மாதா மடம், சேலம்
11 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கும் குளோரியாவுக்கும்,

தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்ததா? உங்கள் ரெண்டு பேர் சுகத்தையும் தினம் பூசையில் கேட்டுக்கொள்கிறேன். என் சுகத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பாய். ரெண்டு நாளாக எனக்கும் கக்கூசுக்கும்தான் உறவு. இப்போது பரவாயில்லை.

டப்பா வந்தது. மதர் அதை அலமாரியில் பூட்டி வைத்து அளந்து தருகிறார்கள், தங்கப்பொடி தோற்றுப்போகும். இந்தத் தடவை வாசனை வேறு மாதிரி, மழை நின்ற பிறகு சாக்கடை ஓரம் வருமே, அந்த மண்வாடை. அக்னெல்லா சிஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, "உன் தம்பி கைப்பக்குவம் மாறிப்போச்சு" என்றார். மறுநாள் அவருக்கு வாந்தி. இளம் வயதில் காமாலை வந்த உடம்பு, எதையும் லேசில் தாங்காது. "சத்தான பொருள் முதலில் வயிற்றைக் கழுவும், பிறகு பழகிவிடும்" என்கிறார்கள் மதர். நீயும் அப்படித்தான் சொல்வாய் என்று நினைக்கிறேன்.

வருகிற புதன் சாம்பல் புதன். எங்கள் விதி உனக்கு மறந்திருக்கும், மறுபடி எழுதுகிறேன். தவக்காலம் தொடங்கினால் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வந்த கடிதத்தைப் பிரிப்பதுமில்லை. எல்லாம் மதரின் மேசை இழுப்பறைக்குள் போய்விடும், ஈஸ்டர் அன்றுதான் கைக்கு வரும். சாவு, ஆஸ்பத்திரி என்று ஏதாவது என்றால் மட்டும் கவரின் மேல் "அவசரம்" என்று எழுது. மதர் உடனே பிரித்துப் படித்து என்னைக் கூப்பிடுவார்கள். அதற்கும் மேல் அவசரம் என்றால் வாசல் போன் இருக்கிறது, எண்ணைக் கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன். போன் பக்கத்தில் எப்போதும் ஒரு சிஸ்டர் இருப்பார்.

நீயும் உருப்படியாகத் தவக்காலம் இரு. வெள்ளிக்கிழமை பிரியாணிக் கடைப் பக்கம் போகாதே. ஈஸ்டருக்கு அல்லேலூயா பாடுகிற அன்றைக்குப் பேசுவோம்.

உன் அக்கா,
பிரிஜெட்


சே. ம. சூ.
விவேக் நகர், பெங்களூர்
26 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். குளோரியாவுக்குத்தான் ரெண்டு நாளாக வயிறு சரியில்லை, வெயில் அப்படி. உனக்கு இது ஈஸ்டருக்குத்தான் கிடைக்கும் என்று தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அஷ்வினுக்கு உடம்பு முடியவில்லை. வாந்தி, பேதி, வயிற்றைப் பிசைகிற வலி. தினமும் ரெண்டு ஸ்பூன் பொடி சாப்பிடுகிறவன். ஆனால் அவன் வெளியே கண்டதையும் தின்பவன், எலெக்ட்ரானிக் சிட்டி ரோட்டோரத்தில் அவன் கை வைக்காத தட்டு கிடையாது. அதனால் இதைப் பொடியோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

இருந்தாலும் வெயில் காலம். பொடியைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தால் நல்லது. சூடு குறைந்ததும் மறுபடி ஆரம்பிக்கலாம். பெரிதாக ஒன்றும் இல்லை, சும்மா ஒரு யோசனை.

அக்னெல்லா சிஸ்டருக்கு வாந்தி நின்றதா?

அன்புத் தம்பி,
ஓஸ்வால்ட்


சே. ம. சூ.
விவேக் நகர், பெங்களூர்
7 மார்ச் 2024

அக்கா,

சுகமாக இருக்கிறாயா? நீ சுகமாக இருக்க வேண்டும்.

அஷ்வினை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கண் மஞ்சளாகிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈரல் கணக்கு எங்கேயோ ஏறி நிற்கிறதாம். மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் இல்லை. குடிக்கிற பழக்கமும் அவனுக்குக் கிடையாது. என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். அவன் என் பாக்கெட்டை எடுத்துக் காட்டியிருக்கிறான்.

அவன் சித்தி ஸ்ரீரஞ்சனி ஒரு காலேஜில் கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுப்பவர். நேரே நம் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார். தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து என் மைக்ராஸ்கோப்பிலேயே பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். சுருளே இல்லை, அக்கா. உருண்டை உருண்டையாக, மீன்முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி கும்பல் கும்பலாக இருந்தது. ஏரித் தண்ணீரோடு வந்தது, என் பாசியைத் தின்றுவிட்டு அது வளர்ந்திருக்கிறது. நான் அதைத்தான் அள்ளி அள்ளிக் காயப்போட்டேன்.

அது தனக்குள் விஷம் வைத்திருக்குமாம். வயிற்றுக்குள் போனால் முதலில் குடலைப் பிடிக்கும். குமட்டல், வாந்தி, பேதி. பிறகு ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். தினம் தினம் சாப்பிட்டால் தினம் தினம் ஈரல் அழியும். காயவைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. மாற்று மருந்தும் இல்லை, உடனே நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்கனவே ஈரல் கெட்டவர்களுக்கும் ரொம்ப ஆபத்து என்றார். "இத வேற யார் யாருக்குக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். "ஜிம்முல நாலஞ்சு பேரு" என்றேன்.

அக்கா, அந்த டப்பாவைத் தொடாதே. அக்னெல்லா சிஸ்டருக்குக் கொடுக்காதே. குழி தோண்டிப் புதைத்துவிடு.

குளோரியா போனைக் கையில் கொடுத்து, "இப்பவே பண்ணுங்க" என்று நிற்கிறாள். வாசல் சிஸ்டரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அவர் பாதி கேட்டு மீதியைக் கற்பனை பண்ணிச் சொல்வார். மதருக்குத் தெரிந்தால் நம் கோவில் பங்குச் சாமியாருக்குத் தெரியும். சாமிக்குத் தெரிந்தால் விவேக் நகர் முழுக்கத் தெரியும், அப்புறம் போலீஸ். அதனால்தான் உனக்கு மட்டும் விவரமாக எழுதுகிறேன். நீ பக்குவமாக நடந்துகொள்வாய்.

தொட்டியைக் காலி செய்துவிட்டேன். கை வாடை போகவே மாட்டேன் என்கிறது.

ஓஸ்வால்ட்


மவுன மாதா மடம், சேலம்
15 மார்ச் 2024

கிறிஸ்துவில் அன்புள்ள திரு. ஓஸ்வால்ட் அவர்களுக்கு,

சமாதானம். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமென நம்புகிறேன். தவக்காலத்தில் மடத் தலைவி மட்டுமே வெளியே எழுதலாம் என்பதால் தங்கள் சகோதரிக்குப் பதிலாக நான் எழுதுகிறேன்.

இங்கே சில சிஸ்டர்களுக்குச் சுகமில்லை. வயிற்றுப்போக்கு, குமட்டல், மிகுந்த சோர்வு. தங்கள் சகோதரியும் படுத்திருக்கிறார். சிஸ்டர் அக்னெல்லா மிகவும் தளர்ந்துவிட்டார். பயப்பட வேண்டாம், ஒருசந்திக் களைப்புடன் தண்ணீரும் சேராமல் போயிருக்கலாம். கெடுதல் எதுவும் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் நன்றாகக் கொதிக்கவைத்தே தருகிறோம்.

வேறு எதையும் சாப்பிட மறுக்கும் நிலையில், தாங்கள் அனுப்பிய பச்சைப் பொடியைக் கஞ்சியில் கலந்து மூன்று வேளையும் கொடுத்து வருகிறோம். அதுதான் இப்போது எங்கள் நோயாளிகளுக்கு ஆதாரம். டப்பா தீரும் நிலையில் இருக்கிறது. தாங்கள் மனமிரங்கி இன்னும் கொஞ்சம் அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.

தங்களிடமிருந்து சகோதரிக்கு வந்த இரண்டு கடிதங்களும் விதிப்படி என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஈஸ்டர் அன்று அவர் கையில் கொடுப்பேன்.

தங்கள் குடும்பத்துக்காக ஜெபிக்கும்,
மதர் சுப்பீரியர்


விவேக் நகர், பெங்களூர்
19 மார்ச் 2024

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தங்கள் கடிதம் கிடைத்தது. சிஸ்டர்கள் சுகமில்லை என்று அறிந்து மிகவும் வருந்துகிறோம்.

தற்சமயம் பொடி ஸ்டாக் இல்லை. தண்ணீர்ப் பஞ்சத்தால் உற்பத்தியை நிறுத்தி வைத்திருக்கிறேன். தங்களிடம் மீதி இருப்பதும் பழையதாகியிருக்கும். ஆகவே அதை நிறுத்திவிட்டு இளநீர், அரிசிக் கஞ்சி கொடுத்தால் நல்லது என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் நல்லது.

என் கடிதங்களில் குடும்ப விஷயங்கள்தான். அவசரம் எதுவும் இல்லை.

தங்கள் ஆசீர் வேண்டும்,
ஓஸ்வால்ட்


சே. ம. சூ.
விவேக் நகர், பெங்களூர்
24 மார்ச் 2024, குருத்து ஞாயிறு

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை.

பூசைக்குப் போய்க் குருத்தோலை வாங்கி வந்தேன். தனியாகத்தான் போனேன். குளோரியா அடுகோடியில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மதருக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலைப் பார்த்துவிட்டுத் துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி, "பழசுன்னா எழுதினீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அஷ்வின் வீட்டுக்கு வந்துவிட்டான். மெலிந்து குச்சியாக இருக்கிறான், ஆனால் ஈரல் தேறி வருகிறதாம். பார், நிறுத்தினால் தேறிவிடுகிறது. நீங்களும் இந்நேரம் நிறுத்தியிருப்பீர்கள். மதருக்கு எழுதிவிட்டேனே.

ஆம்ப்ரோஸ் கடையில் மிச்சமிருந்த பாக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். வாங்கிப் போனவர்கள் யாரும் குறை சொல்லி வரவில்லை. எல்லாம் அமைதியாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் சேலம் பஸ் ஏறினேன். ஓசூரில் இறங்கித் திரும்பிவிட்டேன். உன் வாசலில் வந்து நின்று என்ன சொல்வது? வாசல் போனுக்கும் பண்ணிப் பார்த்தேன், அக்கா. லைன் கிடைக்கவில்லை.

உன் தம்பி,
ஓஸ்வால்ட்


சே. ம. சூ.
மவுன மாதா மடம், சேலம்
5 ஏப்ரல் 2024

தம்பி ஓஸ்வால்டுக்கு,

நீ சுகமா என்று கேட்கிற வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன். என் சுகம் இதுதான்: கண்ணும் நகமும் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, எழுந்து உட்கார்ந்தால் கூரை சுற்றுகிறது. எழுத்து கோணிக்கொண்டு போகும், பொறுத்துக்கொள். நான் தேறிவிடுவேன் என்கிறார் டாக்டர்.

சிஸ்டர் அக்னெல்லா தேறவில்லை. பெரிய வியாழன் அன்று காலையில் போய்விட்டார். கடைசியில் நினைவு தப்பிவிட்டது, என் கையைப் பிடித்துக்கொண்டே நான் யார் என்று கேட்டார். அடக்கப் பூசை வைக்கக் கூடாத நாட்கள் அவை. ஆர்மோனியமும் வாசிக்கக் கூடாது. வாழ்நாளெல்லாம் எங்கள் பூசைக்கு வாசித்தவரை ஒரு சுரம்கூட இல்லாமல் தோட்டத்தில் புதைத்தோம். என்னால் நிற்க முடியவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

டாக்டர் முதல் தடவை வந்தபோது, "புதுசா ஏதாவது மருந்து, லேகியம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். மதர் உன் டப்பாவைக் காட்டினார்கள். படுக்கையில் கிடந்த நான்தான் தலையைத் தூக்கி, "அதுல ஒண்ணும் இருக்காது டாக்டர், என் தம்பி தன் கையால செஞ்சு அனுப்பறது" என்று சாட்சி சொன்னேன். மதர் டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமும் கஞ்சி பச்சையாகத்தான் வந்தது.

அது உன் கடிதம் மதருக்கு வந்த பிறகு நடந்தது, ஓஸ்வால்ட். பழையது என்று எழுதியிருந்தாயே. மதர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்களாம். பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. இந்த மடத்தில் நாங்கள் ஒரு பருக்கையையும் வீணாக்குவதில்லை என்பது உனக்குத் தெரியும். நல்லதாகத்தானே இருக்கிறது என்று அடியில் இருந்ததை வழித்து, யார் ரொம்ப மெலிந்திருக்கிறார்களோ அவருக்குக் கொடுத்தார்கள். அக்னெல்லாதான் ரொம்ப மெலிந்திருந்தார்.

ஈஸ்டர் அன்று மூன்று கவர்களையும் மதர் என் தலையணைப் பக்கத்தில் வைத்தார்கள். மேலே ஏதாவது எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பெயரும் முகவரியும்தான் இருந்தன, உன் அழகான கையெழுத்தில். பிறகு தேதிப்படி படித்தேன். படித்து முடித்ததும் மதரிடம் கொடுத்தேன். அவரும் படித்தார். போய் அந்தக் காலி டப்பாவை எடுத்து வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதார். "என் கையாலயே ஊட்டினேனே பிள்ளே" என்றார். அவரை நான் எப்படித் தேற்றுவேன், சொல்.

ஏரித் தண்ணீர் வந்தது உன் குற்றம் இல்லை. அதை உனக்காக நானே எல்லாரிடமும் சொல்வேன். ஆனால் மார்ச் ஏழாம் தேதி உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான், நான் பிரிக்க மாட்டேன் என்று தெரிந்த கவருக்குள் அதை எழுதி ஒட்டினாய். என்னிடம் சொன்ன மாதிரியும் ஆகிவிட்டது, யாருக்கும் தெரியாத மாதிரியும் ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதாதே. நான் கன்னியாஸ்திரி, மன்னிக்கத்தான் வேண்டும், அதற்காகத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை. வருவதெல்லாம் கோபம். உன்னைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்த அதே உடம்பில் இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

நவநாளுக்கு வந்து உன் பாக்கெட்டை வாங்கிப் போனவர்களை நினைத்துப் பார்த்தேன். பாலில் கலக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். யாரும் குறை சொல்லி வரவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நாங்களும் குறை சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் அனுப்பு என்றுதான் கேட்டோம்.

கடிதம் போய்ச் சேர நாளாகும். அதனால் இதை எழுத உட்காருவதற்கு முன்னால், ரெண்டு சிஸ்டர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். முதலில் உன் பங்குச் சாமியிடம் பேசினேன். இந்த ஞாயிறு எல்லாப் பூசையிலும் அறிவிக்கிறேன், ஆம்ப்ரோஸை வீடு வீடாக அனுப்புகிறேன் என்றார். பிறகு அடுகோடிக்குப் பேசினேன். குளோரியா அழுதாள். ஸ்ரீரஞ்சனியிடம் போய் மடத்தையும் சேர்த்துப் பொடி யார் யாருக்குப் போனது என்று சொல்லிவிடுவதாகச் சொன்னாள். நீ பயந்தது எல்லாம் நடக்கும். உன் அக்காதான் நடத்தினாள் என்று தெரிந்துகொள்.

லைன் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நான் பேசியது அந்த வாசல் போனில்தான். சுழற்றியதும் மணி அடித்தது, எடுத்தார்கள், நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். அது நன்றாகத்தான் வேலை செய்கிறது, தம்பி.

உன் அக்கா,
பிரிஜெட்